உங்களுக்குத் தெரியுமா? - வாய் திறப்பதா, வாசல் திறப்பதா?

● யார் பக்கமும் சாயாத 'நடுநிலை', செஞ்சிலுவை இயக்கத்தின் ஏழு அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. 1965-இல் வியன்னாவில் அறிவித்தார்கள். குற்றம் சாட்டிப் பேசினால் சிறைக் கதவும் முகாம் கதவும் அடைபட்டுவிடும் என்பது அவர்கள் கணக்கு.

● அந்தக் கணக்கு பொய்த்ததும் உண்டு. யூதர்களை நாஜிகள் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் செல்வது ஜெனீவாவில் இருந்த செஞ்சிலுவைக் குழுவுக்குத் தெரியும். பகிரங்கமாகக் கண்டிக்கலாமா என்று 1942 அக்டோபர் 14 அன்று கூடிப் பேசினார்கள். பேசியதோடு சரி, அறிக்கை வரவில்லை.

● 1944 ஜூன் 23 அன்று தெரேசியன்ஸ்டாட் யூத முகாமைப் பார்வையிடச் செஞ்சிலுவைப் பிரதிநிதி வந்தார். அதற்குள் நாஜிகள் வீட்டு முகப்புகளுக்கு வண்ணம் அடித்து, பூச்செடி நட்டு, கால்பந்துப் போட்டிக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நெரிசல் கண்ணில் படக்கூடாதே என்று, ஆயிரக்கணக்கானோரை முன்னதாகவே ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றியும் விட்டார்கள். பிரதிநிதியின் அறிக்கை முகாமைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியது. (1944-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் இதே குழுவுக்குத்தான்!)

● நைஜீரியாவின் பயாஃப்ரா போரில் செஞ்சிலுவையோடு வேலை பார்த்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலருக்கு இந்த மௌனம் ஒத்துவரவில்லை. அவர்களும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971-இல் தொடங்கியதுதான் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்'. வைத்தியமும் பார்ப்போம், பார்த்ததையும் சொல்வோம் என்பது இவர்கள் வழி.

● சொன்னதற்கு விலையும் கொடுத்தார்கள். எத்தியோப்பியப் பஞ்சத்தில் நிவாரணத்தைக் காட்டியே மக்களை அரசு கட்டாயமாக இடம்பெயர்க்கிறது என்று இந்த அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அம்பலப்படுத்தியது. 1985-இல் அரசு அந்தப் பிரிவை நாட்டைவிட்டே வெளியேற்றியது. வெளியேறிய மருத்துவர் யாருக்கு ஊசி போடுவார்? நியாயமான கேள்விதான். ஆனாலும் நடுநிலையும் வாய்மூடி இருப்பதும் ஒன்றல்ல என்பதே என் கட்சி.

● செஞ்சிலுவையின் மௌனத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்படி செஞ்சிலுவைக் குழுவின் ஊழியரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்ற விதியிலேயே விலக்கு இருக்கிறது.

● இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதியில், 2009-இல், வன்னியின் புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனது செஞ்சிலுவைக் குழு. அரசு, விடுதலைப் புலிகள் என இரு தரப்பும் சம்மதிக்காமல் அந்தக் கப்பல் கரையை நெருங்கியிருக்காது. சண்டை மூர்க்கமாகி, நாள் கணக்கில் கப்பல் காத்துக் கிடந்தபோது, கற்பனைக்கெட்டாத மனிதப் பேரவலம் நடக்கிறது என்று மே 14 அன்று அந்தக் குழுவே உலகறியச் சொன்னது. அடுத்த சில நாட்களில் போர் முடிந்தது.