ஆய்வகம், வயல், மருத்துவமனை ஒரே வளாகத்தில்: பனாரஸ் பல்கலைக்கழகத்தின் பலமும் கவலையும்

வாரணாசி நகரின் தென்கோடியில், ஏறத்தாழ 1,300 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகம். அறிவியல், மருத்துவம், ஆயுர்வேதம், வேளாண்மை, சுற்றுச்சூழல் எனப் பல துறைகளும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இயங்குகின்றன. பாம்பின் குரோமோசோமை ஆராயும் ஆய்வகம், கோதுமைப் பயிரின் இலைக்கருகல் நோயை ஆராயும் வயல், பிகார் எல்லையைத் தாண்டி வரும் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனை ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. இப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள் நாட்டில் மிகச் சிலவே.

இந்த விரிவு நாட்டுக்கு என்ன தந்திருக்கிறது? அதைக் காப்பாற்ற மத்திய அரசு என்ன செய்திருக்கிறது? பிரதமர் நரேந்திர மோடி 2014 முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுவரும் தொகுதியில் உள்ள பல்கலைக்கழகம் என்பதால், இக்கேள்விகளுக்கு அரசியல் முக்கியத்துவமும் உண்டு.

மாளவியாவின் கனவு

1915-ம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி உருவான இப்பல்கலைக்கழகத்துக்கு, 1916 பிப்ரவரி 4-ம் தேதி அன்றைய வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். காசி மன்னர் நிலம் வழங்கினார். மதன் மோகன் மாளவியா நாடெங்கும் சென்று நன்கொடை திரட்டினார். சமஸ்கிருதமும் சமய சாஸ்திரங்களும் கற்பிக்கப்படும் இடத்திலேயே பொறியியலும் வேதியியலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவரது எண்ணம். அதன்படி 1919-லேயே பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது.

புதைபடிவத் தாவரவியலில் உலகப் புகழ்பெற்ற பீர்பல் சாஹ்னி இங்கு பேராசிரியராக இருந்தவர். பாரத ரத்னா விருது பெற்ற வேதியியல் அறிஞர் சி.என்.ஆர். ராவ், வானியற்பியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் ஆகியோர் இங்கு பயின்றவர்கள். தமிழகத்துடனும் இதற்குத் தொடர்பு உண்டு. 1939 முதல் 1948 வரை துணைவேந்தராக இருந்தவர் எஸ். ராதாகிருஷ்ணன். சி.பி. ராமசாமி ஐயரும் பின்னர் அப்பொறுப்பை வகித்தார். உருகிய உலோகத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உறைய வைத்துப் புதிய உலோகக் கலவைகளைப் பெறும் ஆராய்ச்சியை இந்தியாவில் முன்னின்று நடத்திய டி.ஆர். அனந்தராமன், இங்குதான் உலோகவியல் துறைக்குத் தலைமை தாங்கினார்.

பாம்பிலிருந்து நீதிமன்றம் வரை

அடிப்படை ஆராய்ச்சியால் சாமானியருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, விலங்கியல் துறை மாணவர் ஒருவரின் கதையே பதில். ஜான்பூர் மாவட்டத்தின் கல்வாரி கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த லால்ஜி சிங், 1960-களில் இங்கு பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். ஆண், பெண் பாம்புகளின் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் எப்படித் தோன்றியது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அதில் உடனடிப் பயன் எதையும் எவரும் எதிர்பார்க்கவில்லை.

கட்டுவிரியன் இனப் பாம்பின் மரபணுப் பொருளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியை அவர் பின்னாளில் கண்டறிந்தார். அதே வகைப் பகுதி மனிதர்களிடமும் இருப்பதும், அது ஆளுக்கு ஆள் மாறுபடுவதும் தெரியவந்தன. அதைக் கொண்டு ஹைதராபாதில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் உள்நாட்டு மரபணு ரேகைப் பரிசோதனை முறையை அவர் உருவாக்கினார். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி படுகொலை வழக்கின் புலனாய்வில் அப்பரிசோதனை பயன்பட்டது. தந்தை யார் என்ற வழக்குகள் முதல் கொலை வழக்குகள் வரை இந்திய நீதிமன்றங்கள் இன்று அதை நம்பியிருக்கின்றன.

2011-ல் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகத் திரும்பிய லால்ஜி சிங், மாதம் 1 ரூபாய் மட்டுமே ஊதியமாகப் பெற்று 2014 வரை பணியாற்றினார். 2017 டிசம்பரில் அவர் காலமானார்.

கருங்காய்ச்சலுக்கு எதிராக

பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சியில் தலையாயது, காலா அஸார் எனப்படும் கருங்காய்ச்சல் பற்றியது. மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்நோய் மண்ணீரலையும் கல்லீரலையும் வீங்கச் செய்யும். சிகிச்சை இல்லையேல் மரணம் ஏறக்குறைய உறுதி. மண் குடிசைகளில் வாழும் பரம ஏழைகளையே இது தாக்குகிறது. 1992-ல் மட்டும் நாட்டில் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிகார் மாநிலத்தவர்.

1920-களில் கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய ஆன்டிமனி மருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆனால், அவ்வகை மருந்துகள் நாளடைவில் பிகாரில் பலனிழந்தன. பனாரஸ் மருத்துவ அறிவியல் கழகப் பேராசிரியர் ஷியாம் சுந்தரின் குழுவினர் 2000-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் நிறுவியது. உத்தரப் பிரதேச நோயாளிகளில் 86 சதவீதத்தினர் ஆன்டிமனியால் குணமடைந்தனர். பிகாரின் நோய் மையத்திலோ 35 சதவீதத்தினரே குணமடைந்தனர்.

மாற்று வழிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. முன்பு நோயை உறுதிசெய்ய மண்ணீரலில் ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டியிருந்தது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கொண்டு சில நிமிடங்களில் முடிவு கூறும் பட்டைச் சோதனையின் பயனை, வெளிநாட்டு விஞ்ஞானிகளுடன் இணைந்து இக்குழு 1998-ல் உறுதிசெய்தது. புற்றுநோய்க்காக ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட மில்டிஃபோசின் மருந்தை மாத்திரையாக 299 நோயாளிகளுக்குக் கொடுத்து, 94 சதவீதத்தினர் குணமடைந்ததை 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2010-ல் வந்த முடிவு இன்னும் முக்கியமானது. கொழுப்புத் துகளில் பொதியப்பட்ட ஆம்போடெரிசின் மருந்தை ஒரே ஒரு முறை நரம்பு வழியாகச் செலுத்தினால் 95.7 சதவீதத்தினர் குணமடைகின்றனர் என்று அது தெரிவித்தது. வழக்கமான ஆம்போடெரிசினை ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் தங்கி 15 முறை பெற்றவர்களில் 96.3 சதவீதத்தினர் குணமடைந்திருந்தனர்.

ஒரு மாதக் கூலியை இழக்க வேண்டிய தொழிலாளி, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்ற நிலை இதனால் உருவானது. தேசிய நோய் ஒழிப்புத் திட்டமும் இந்த ஒற்றைத் தவணை முறையை ஏற்றுக்கொண்டது. 10 ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயைக் கட்டுப்படுத்தும் இலக்கு 2010, 2015, 2017, 2020 எனப் பலமுறை தள்ளிப்போய், 2023-ல் எல்லா வட்டாரங்களிலும் எட்டப்பட்டது. அவ்வாண்டு நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் ஆயிரத்துக்கும் குறைவு.

பிகாரின் முசாபர்பூரில் களமும் வாரணாசியில் ஆய்வகமும் இருந்ததால்தான் இது இயன்றது. நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே ஒட்டுண்ணியை ஆராய்பவராகவும் இருந்தார். துறைகளின் விரிவு என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே.

பிரண்டையும் குக்குலுவும்

மரபு மருத்துவத்தை நவீன முறையில் பரிசோதிப்பதிலும் பனாரஸ் முன்னோடி. மத்திய அரசு 1958-ல் அமைத்த ஆயுர்வேத ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அறுவைச் சிகிச்சை நிபுணர் கே.என். உடுப்பா, 1960-ல் இங்கு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். தமிழகச் சமையலறைகளில் துவையலாகும் பிரண்டையை வட இந்தியர் எலும்பொட்டி என்ற பொருளில் 'ஹட்ஜோட்' என்று அழைக்கின்றனர். அப்பெயர் சரிதானா என்று விலங்குகளில் சோதித்த உடுப்பா குழுவினர், எலும்பு முறிவு கூடுவதை அது விரைவுபடுத்துவதாக 1960-களில் தெரிவித்தனர்.

குக்குலு பிசின் பற்றிய ஆராய்ச்சி வேறு ஒரு பாடத்தைத் தருகிறது. அது ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று ஜி.வி. சத்யவதி 1966-ல் இங்கு சமர்ப்பித்த ஆய்வேட்டில் கூறினார். பின்னாளில் அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராக உயர்ந்தார். லக்னௌவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் குக்குலுவிலிருந்து மருந்தும் தயாரித்தது. எனினும் 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றே கூடியது. பழைய நூலில் இருப்பதாலேயே ஒரு மருந்து உண்மையாகிவிடுவதில்லை; ஒரு சோதனையோடு தேடல் முடிந்துவிடுவதும் இல்லை. ஆயுர்வேதத்துக்கு அரசின் ஆதரவு பெருகியுள்ள இன்றைய சூழலில் இது நினைவில் கொள்ளத்தக்கது.

வேளாண் துறையின் பங்கும் குறைவன்று. நெல் அறுவடை தாமதமாவதால் கோதுமை விதைப்பும் தாமதமாகும் கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்கு ஏற்ற 'மாளவியா 234' ரகம் 1980-களில் இங்கிருந்து வெளியாயிற்று.

பிரிந்த பாதைகள்

விடுதலைக்குப் பின் நாட்டின் அறிவியல் கொள்கை வேறு திசையில் சென்றது. 1920-களின் தொடக்கத்தில் இங்கு வேதியியல் பேராசிரியராக இருந்து, இப்பல்கலைக்கழகத்துக்கான கீதத்தையும் இயற்றியவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அவரே 1942-ல் உருவான அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைவராகி, பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தேசிய ஆய்வகங்களின் வரிசையைக் கட்டினார். இதனால் பல்கலைக்கழகங்கள் நலிவடையும் என்று மேகநாத் சாகா எதிர்ப்புத் தெரிவித்தார். ஆராய்ச்சி ஆய்வகங்களுக்கு, கற்பித்தல் பல்கலைக்கழகங்களுக்கு என்ற பிரிவினை அப்போது வேரூன்றியது.

பனாரஸிலும் அப்போக்கு தொடர்ந்தது. அதன் பொறியியல் கழகம் 2012-ல் ஐ.ஐ.டி. ஆக்கப்பட்டது. வளாகம் ஒன்றாக இருந்தாலும் நிர்வாகமும் நிதியும் பிரிந்தன. மருத்துவக் கழகத்தின் நிலையோ விசித்திரமானது. எய்ம்ஸ் மருத்துவமனைகள் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்க, பல்கலைக்கழகத்தின் அங்கமான இது கல்வி அமைச்சகத்தை நம்பியிருந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசம், மேற்கு பிகார் தொடங்கி நேபாளம் வரையிலிருந்து நோயாளிகள் வந்தாலும், எய்ம்ஸுக்குக் கிடைத்த நிதி இதற்குக் கிடைக்கவில்லை. இதை எய்ம்ஸ் தரத்துக்கு உயர்த்த இரு அமைச்சகங்களும் 2018-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன.

2019-ல் பனாரஸுக்கு உயர்சிறப்பு அந்தஸ்து வழங்கப்பட்டது. இத்திட்டத்தில் அரசு நிறுவனம் ஒன்றுக்கு ஆயிரம் கோடி ரூபாய் வரை உதவி உண்டு. இதே அந்தஸ்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ மாநில அரசும் நிதியளிக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. 69 சதவீத இடஒதுக்கீடு பாதிக்கப்படும் என்ற அச்சமும் எழவே, 2020-ல் தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நீதி, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நீதியா என்ற கேள்வி இன்றும் எஞ்சி நிற்கிறது.

ஆய்வுச் சுதந்திரம்

பணத்தைவிடக் கடினமான சோதனை 2024-ல் வந்தது. கோவேக்சின் செலுத்திக்கொண்டவர்களை ஓராண்டு கண்காணித்து, அவர்களுக்கு நேர்ந்த உடல்நலக் குறைவுகளைப் பட்டியலிட்ட பனாரஸ் ஆய்வு ஒன்று மே மாதம் சர்வதேச ஆய்விதழில் வெளியானது. தடுப்பூசி போடாதவர்களுடன் ஒப்பிடவில்லை, தொலைபேசி வழியே தகவல் திரட்டப்பட்டது எனக் குறைகளைச் சுட்டிக்காட்டிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கட்டுரையில் இடம்பெற்ற தன் பெயரை நீக்கக் கோரியது. தயாரிப்பு நிறுவனமான பாரத் பயோடெக், ஆய்வாளர்கள் மீது ஹைதராபாத் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. செப்டம்பரில் ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வைக் கொண்டு தடுப்பூசியே காரணம் என்று கூற முடியாது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால், ஆய்வில் உள்ள குறைக்கு விடை இன்னும் சிறந்த ஆய்வே தவிர, வழக்கு அல்ல. தடுப்பூசி உருவாக்கத்தில் பங்கேற்ற கவுன்சிலே அதுபற்றிய ஆய்வைக் கண்டிக்கும் அமைப்பாகவும் இருந்தது மற்றொரு நெருடல். மருந்து நிறுவனம் வழக்குத் தொடுக்கும் என்ற அச்சம் பரவினால், அரசுப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பாதகமான விளைவுகளைப் பதிவுசெய்யவே தயங்குவர். அதனால் இழப்பு நோயாளிகளுக்கே.

நிர்வாகத்திலும் சுணக்கம் உள்ளது. 2025 ஜனவரியில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின், புதியவர் நியமிக்கப்படப் பல மாதங்கள் ஆயின.

2020-21 கணக்குப்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடப்பட்டது 0.64 சதவீதமே. சீனா 2 சதவீதத்துக்கும் அதிகமாகச் செலவிடுகிறது. பல்கலைக்கழக ஆராய்ச்சியை வலுப்படுத்தும் நோக்குடன் 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், ஐந்தாண்டுகளில் 50 ஆயிரம் கோடி ரூபாய் திரட்டப்படும் என்றது. அதில் 36 ஆயிரம் கோடி ரூபாய் தனியார் உள்ளிட்ட வெளி ஆதாரங்களிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம்.

பாம்பின் குரோமோசோமுக்கும், ஏழைகளை மட்டுமே தாக்கும் காய்ச்சலுக்கும் லாபம் தேடும் முதலீடு எளிதில் வராது. அவற்றுக்குப் பொதுப் பணமும், நிலையான நிர்வாகமும், ஆய்வாளரின் சுதந்திரத்துக்குப் பாதுகாப்பும் வேண்டும். பனாரஸுக்கும், அதைப் போன்ற விரிவைக் கொண்ட மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் இம்மூன்றையும் உறுதிசெய்வது மத்திய அரசின் கடமை.