விமானத்தில் ஏற்ற முடியாத ரம் - கிரெனடாவில் 1785இலிருந்து

உணவங்காடி நிலையத்தில் வாங்கிய கரும்புச் சாற்றை மேசையில் வைத்துவிட்டு மறந்திருக்கிறீர்களா? மறுநாள் பார்த்தால் நுரைத்து, புளித்த வாடை அடிக்கும். காற்றிலும் கரும்பிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரிகள் சர்க்கரையை மதுவாக மாற்றத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.

அதை நம்பியே ஒரு வடிசாலை 200 ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கரீபியன் தீவு கிரெனடா. பரப்பளவில் சிங்கப்பூரில் பாதிகூட இல்லை. அதன் வடபகுதியில் இருக்கிறது ரிவர் அன்டுவான் வடிசாலை. தொடங்கிய ஆண்டு 1785.

உலகில் பெரும்பாலான ரம், சீனி எடுத்தபின் மிஞ்சும் கருப்பான மொலாசஸிலிருந்து வருகிறது. இங்கே நேரடியாகக் கரும்புச் சாறுதான்.

எப்படிச் செய்கிறார்கள்?

1840ஆம் ஆண்டு இரும்புச் சக்கரம் ஒன்றை ஆற்றுநீர் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் கரும்பைப் பிழியும் உருளைகளை ஓட்டுகிறது. மோட்டார் கிடையாது. பிழிந்த சக்கை காய்ந்ததும் அடுப்புக்குப் போகிறது. அந்தத் தீயில், வரிசையாக உள்ள கொப்பரைகளில் சாறு கொதிக்கிறது. ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு ஆட்களே நீண்ட கரண்டியால் மொண்டு ஊற்றுகிறார்கள். சுண்டிய சாறு ஆறியதும் திறந்த தொட்டிகளில் சுமார் 8 நாள் புளிக்கும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, அது தானாகவே வரும். பிறகு விறகு அடுப்பில் வடித்தல். பீப்பாயில் பல ஆண்டுகள் ஊற வைப்பதெல்லாம் இல்லை. தண்ணீர் போலத் தெளிவாக வரும்.

தண்ணீர் போல என்றேன், ஆனால் அதில் சுமார் 75 விழுக்காடு மதுசாரம். கிட்டத்தட்ட நம் கைப்பையில் இருக்கும் ஹேண்ட் சானிடைசர் அளவு!

விமானத்தில் ஏன் கூடாது?

70 விழுக்காட்டுக்கு மேல் மதுசாரம் உள்ள பானம் எளிதில் தீப்பற்றும். அதனால் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுபோக அனுமதி இல்லை. சுற்றுப்பயணிகளுக்காகவே வடிசாலை 69 விழுக்காட்டில் இன்னொரு வகையை விற்கிறது. ஒரே ஒரு விழுக்காடு கீழே, அவ்வளவுதான்! அசல் ரம் பெரும்பாலும் தீவிலேயே தீர்ந்துவிடுகிறது.

'பழைமை மாறாத வடிசாலை' என்று சொல்வது எளிது. 1785இல் அந்தத் தீவின் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பிரிட்டிஷ் கரீபியனில் அவர்களுக்கு முழு விடுதலை கிடைத்தது 1838இல். இப்போது சுற்றும் சக்கரம் அதற்கு 2 ஆண்டுகள் பிந்தியது.

விடுதலைக்குப்பின் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1857 மே 1ஆம் தேதி இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த முதல் கப்பல், மெய்ட்ஸ்டோன், கிரெனடாவைச் சேர்ந்தது. அந்த நாளை அங்கே இன்றும் இந்தியர் வருகை நாளாக நினைவுகூர்கிறார்கள். நம் ஊர் ரப்பர் தோட்டக் கதைகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சரி, இன்னும் எத்தனை நாள் ஓடும்? கரும்பு வெட்டுவதும் கொதிக்கும் சாற்றை மொள்ளுவதும் கடுமையான வேலை. ஆட்கள் வேண்டும். மழையும் வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் சக்கரம் சுற்றாது, அன்று கரும்பு பிழிய முடியாது.