மறந்தது அழிந்துவிட்டதா, அகப்படவில்லையா?

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால் மறதியுள்ள ஒருவர் விழிக்கிறார். ‘இட்லியா, பூரியா?’ என்றால் சட்டென்று ‘பூரி’ என்கிறார். சரியான விடைதான். (குருட்டு யோகமாகவும் இருக்கலாம், அதனால் ஒரு கேள்வியோடு முடிவுகட்டக் கூடாது.)

இங்கிலாந்தின் எலிசபெத் வாரிங்டனும் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸும் 1970-இல் மறதி நோயாளிகளுக்குச் சில சொற்களைக் காட்டினார்கள். பிறகு கேட்டால், நோயாளிகள் மறதி இல்லாதவர்களைவிட மிகக் குறைவாகவே சொன்னார்கள். சொல்லின் முதல் மூன்று எழுத்தைக் காட்டியதும் ஏறக்குறைய சமமாகிவிட்டார்கள்! அப்படியானால் சிக்கல் மீட்டெடுப்பில்தானா? முழுக்க அப்படியில்லை. ‘மனதில் தோன்றும் சொல்லால் நிரப்புங்கள்’ என்றால் விடை வருகிறது. ‘முன்பு பார்த்த சொல்லை நினைத்துப் பாருங்கள்’ என்றால் மறுபடி பின்தங்குகிறார்கள் என்று 1984-இல் தெரிந்தது. மூளை தன்னையறியாமல் வைத்திருக்கும் தடம் வேறு, நாம் தேடியெடுக்கும் நினைவு வேறு.

மறதியின் காரணம் நோய்க்கு நோய் மாறும். அல்சைமரில், நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்திலேயே அடிபடுவதால் பதிவதே கெடுகிறது. துப்புக் கொடுத்தாலும் பலன் குறைவு. பார்க்கின்சன் நோயின் மறதியில் துப்பு பெரும்பாலும் கைகொடுக்கும். மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துக் கேட்டு, வராவிட்டால் ‘அது ஒரு பூ’ என்று எடுத்துக்கொடுப்பது, பதியவில்லையா, மீட்டெடுக்க முடியவில்லையா என்று பிரித்தறியத்தான்.