நீரிழிவும் ஆகாரக் கணக்கும்

கிராமப் புனருத்தாரணம் என்பது வீதியைச் செப்பனிடுவதும் கிணறு வெட்டுவதும் மட்டுமன்று. அங்கத்தினரின் தேகம் நலமாயிராவிடில் சங்கம் கொடுத்த கடனும் பயன்படாது. தறியும் வீணே நிற்கும். ஆதலின் இம்முறை பங்கு, கடன், வட்டி ஆகிய விஷயங்களை விடுத்து, நீரிழிவு நோயைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வின்படி, இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. அவர்களில் புதிதாக இன்ஸுலின் ஊசி போடத் தொடங்கியவர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்குமே இவ்வியாசம்.

ஒரு நெசவாளரின் அனுபவம்

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நான் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது நடந்தது இது. அங்கத்தினர் ஒருவர் இன்ஸுலின் தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. அன்று காலை ஊசி போட்டுக்கொண்டவர், முந்தானையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று குழித்தறியில் இறங்கிவிட்டார். ஒரு மணி நேரத்திற்கெல்லாம் உடல் வியர்த்தது; கை நடுங்கியது; கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை கூறினார். குடித்திருக்கிறார் என்றார் ஒருவர். காற்றுச் சேஷ்டை என்றார் மற்றொருவர். சங்கத்தின் குமாஸ்தாவின் தாயாருக்கும் இந்நோய் உண்டு. அவர் ஓடிச் சென்று சர்க்கரை நீர் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் நெசவாளர் தெளிந்தெழுந்தார்.

கதை இத்துடன் முடியவில்லை. "இந்த ஊசி என்னைக் கொன்றுவிடும்" என்று அஞ்சி, அவர் இரண்டு நாள் அதை அடியோடு நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் அடங்காத தாகமும், வாந்தியும், மயக்கமும் கண்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். ஊசி போட்டு உண்ணாதது ஒரு பிழை. உண்டு ஊசி போடாதது மற்றொரு பிழை. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்களில் நேர்ந்த தவறுகளே.

இன்ஸுலின் என்பது யாது?

நாம் உண்ணும் சோறு, இட்டலி, ரொட்டி முதலியவற்றிலுள்ள மாவுச்சத்து வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்தி உழைப்புக்குப் பயன்படச் செய்வது இன்ஸுலின். இரைப்பையின் பின்புறமுள்ள கணையம் இதைச் சுரக்கிறது. சிலருக்கு, முக்கியமாகச் சிறுவர்களுக்கு, இச்சுரப்பு அற்றே போகிறது. இவர்களுக்கு ஊசியன்றி உயிர் வாழ வழியில்லை. வேறு பலருக்கு அது குறைந்தோ வலுவிழந்தோ போகிறது. இவர்களிற் பலருக்கு மாத்திரையே போதும். சிலருக்கு ஊசியும் வேண்டியிருக்கும்.

1921-இல் கானடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்ப்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் வைத்தியர்கள் அறிந்திருந்த வழி, நோயாளியைப் பட்டினிக்கு அடுத்த நிலையில் வைப்பதொன்றே. ஆகவே மனிதன் அளவாக உண்டு வாழவே இம்மருந்து வந்தது என்பதை மறத்தலாகாது. நம் மாகாணத்தில் 1948-இல் சென்னை ஸ்டான்லி வைத்தியசாலையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்.

வரவு, செலவு, இருப்பு

நம் சங்கத்தார் நன்கறிந்த பேரேட்டையே இங்கும் எண்ணிப் பார்க்கலாம். உண்ணும் மாவுச்சத்து வரவு. இன்ஸுலினும் உடலுழைப்பும் செலவு. இரத்தத்திலுள்ள சர்க்கரை இருப்பு. ஆகாரத்திற்கு முன் 80 முதல் 130 மில்லிகிராம் வரையிலும், உண்ட இரண்டு மணிக்குப் பின் 180-க்குக் குறைவாகவும் இருப்பு நிற்பது பெரும்பாலோருக்கு நலம். முதியோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் வைத்தியர் வேறு அளவு கூறுவார். அவர்கள் அதையே கொள்க.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் உண்ணாதபோதும், உறங்கும்போதும், ஈரல் சிறிது சர்க்கரையை இரத்தத்திற்கு அளித்துக்கொண்டேயிருக்கும். ஏகாதசி விரதமாயினும், காய்ச்சலில் உணவு செல்லாவிடினும், இந்த வரவு நிற்பதில்லை. ஆதலின் "இன்று உண்ணவில்லை, ஊசியும் வேண்டாம்" என்று தாமாகவே முடிவு செய்தல் தவறு. அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை முன்னதாக வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

எதில் எவ்வளவு?

100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. நடுத்தர இட்டலி ஒன்றில் 10 முதல் 12 கிராம் வரையிலும், சர்க்கரை ஒரு தேக்கரண்டியில் 4 அல்லது 5 கிராமும் இருக்கும். கோதுமையும் கேழ்வரகும் எவ்வளவு உண்டாலும் குற்றமில்லை என்பது பலர் எண்ணம். அது சரியன்று. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், இவற்றில் 65 முதல் 70 கிராம் வரை உண்டு. இவற்றின் நார்ச்சத்தால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறலாமேயன்றி, வரவு இல்லாமற் போகாது. வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையின் உடன்பிறப்புகளே. கீரை, வெண்டை, அவரை, கத்தரி முதலியவற்றில் இச்சத்து குறைவு. அவற்றைத் தாராளமாக உண்ணலாம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்டலி கிடைத்தால், அதை வீட்டு இட்டலி ஒன்றுக்குச் சமமென எண்ணாமல் எடையைப் பார்த்தே கணக்கிடுக.

புதியவருக்கு எளிய வழி, தினமும் அதே வேளையில் ஏறக்குறைய அதே அளவு மாவுச்சத்தை உண்பது. சோற்றை ஒரே கிண்ணத்தால் அளப்பது நன்று. பழகியபின், இத்தனை கிராமுக்கு இத்தனை யூனிட் என்று கணக்கிட வைத்தியர் கற்பிப்பார். வயது வந்தோர் பலருக்கு ஒரு யூனிட் 10 முதல் 15 கிராம் வரை ஈடு செய்யும். ஆயினும் இது ஆளுக்கு ஆள் மாறுபடும். அடுத்த வீட்டுக்காரர் அளவைப் பின்பற்றலாகாது.

வேளை தவறாமை

சாதாரண இன்ஸுலினைப் போட்டு அரை மணியில் உண்ண வேண்டும். அதன் வேகம் இரண்டு மூன்று மணியில் உச்சம் அடையும். சில புதுவகைகள் கால் மணியிலேயே வேலை செய்யும். வேறு சில நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும். தமக்குக் கொடுத்தது எவ்வகை என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்க. கல்யாண மாதங்களில் சேலையை முடிக்கும் அவசரத்தில் வேளை தப்புவது இயல்பு. ஆகாரம் கண்ணெதிரே ஆயத்தமான பின்னரே ஊசியை எடுப்பது உத்தமம். வைகாசிக் கருட சேவைக்கு வெகுதூரம் நடப்பவர், நடையும் செலவே என்பதை உணர்ந்து, மடியில் சர்க்கரைப் பொட்டலம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குத் தவறினால்

இருப்பு 70-க்குக் கீழிறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல் தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணியில் சோதித்து, ஏறாவிடில் மறுபடியும் குடிக்க வேண்டும். பின் ஆகாரம் கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 வண்டியை அழைக்க வேண்டும்.

இருப்பு மிக ஏறி, தாகம், வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை கண்டால் அது உயிருக்கு ஆபத்து; தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அளவையும் காப்பும்

தணிக்கை செய்வோன் படிக்கல்லையும் பார்ப்பான். இன்ஸுலின் புட்டியில் 1 மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. நம் நாட்டில் 40-க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100-க்குரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலிற் செல்வது 20 அன்று, 50 யூனிட். புட்டியும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க. திறவாத புட்டியைக் குளிர்ப்பெட்டியில், உறையாத இடத்தில் வைக்க வேண்டும். பெட்டி இல்லாதார், ஈர மணல் நிறைந்த பானைக்குள், நீர் புகாத டப்பியில் அடைத்து நிழலில் வைக்கலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கன

ஒவ்வொரு சங்கமும் தன் அலுவலகத்தில் ஒரு டப்பாச் சர்க்கரையை வைத்திருக்கலாம். இன்ஸுலின் போடும் அங்கத்தினர் யார் என்பதை, அவர் சம்மதத்துடன், பக்கத்துத் தறிக்காரர் அறிந்திருக்கச் செய்யலாம். மேற்கூறிய நெசவாளர் சங்கப் பாஸ் புத்தகத்தைப் போலவே ஒரு சிறு நோட்டு வைத்து, வேளை, ஆகாரம், யூனிட், இருப்பு ஆகிய நான்கையும் எழுதி வருகிறார். பின்னர் அவர் ஊசியை அஞ்சவுமில்லை, நிறுத்தவுமில்லை. முந்தானைக்காகக் காலை ஆகாரத்தைத் தள்ளிவைப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவு நாணய சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது நம் காஞ்சிபுரத்திலேதான். கணக்குத் தவறாமையால் சங்கங்களை வளர்த்த ஊரார், அதே ஒழுங்கைத் தம் தேகத்துக்கும் கைக்கொள்வாராக.