பேசுவது யார்? ஆட்டக்காரரா, பகடையா?

கோட்டை வாசலில் காவலன் வழிமறித்து நிற்கிறான். அவனிடம் நயமாகப் பேசி உள்ளே போக வேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுபவர்களில் ஓர் அண்ணனும் தங்கையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணன் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குபவன். ஆனால், ஆட்டத்தில் அவன் ஏற்றிருப்பது இனிமையாக நாலு வார்த்தை பேசத் தெரியாத போர்வீரனின் பாத்திரம். தங்கைக்கோ நான்கு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அவள் ஏற்றிருப்பது, பேச்சாலும் பாட்டாலும் அரசர்களையே மயக்கும் பாடகியின் பாத்திரம்.

காவலனை இணங்க வைக்கும் வாய்ப்பு இவர்களில் யாருக்கு அதிகமாக இருக்க வேண்டும்?

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் இது நெடுங்காலமாகத் தொடரும் கேள்வி. இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அதை உருவாக்கினர். ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதையை நகர்த்துவார். காவலன், அரசன், அரக்கன் என எதிரே வரும் எல்லாரும் அவர் குரலில்தான் பேசுவார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள்.

ஆறு எண்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவாற்றல், விவேகம், ஆளுமைக் கவர்ச்சி என ஆறு பண்புகள் உண்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை இந்தப் பண்புகளுக்குப் பங்கிட்டுக் கொள்ளலாம். ஒன்றில் உயர்ந்தால் இன்னொன்றில் இறங்க வேண்டும். அண்ணன் 15ஐ வலிமைக்கும் 8ஐ ஆளுமைக் கவர்ச்சிக்கும் வைத்தான். தங்கை 15ஐ ஆளுமைக் கவர்ச்சிக்கு வைத்தாள். அவளுடைய பாத்திரத்தின் இனத்துக்குரிய கூடுதல் புள்ளி சேர்ந்து அது 16 ஆனது.

பாறையைத் தூக்க வேண்டிய கட்டம் வந்தால், “எங்கே, இந்த மேசையைத் தூக்கிக் காட்டு” என்று யாரும் அண்ணனிடம் கேட்பதில்லை. பாத்திரத்தின் வலிமை எண்ணும் பகடையும் முடிவு சொல்லிவிடும். பேச வேண்டிய கட்டத்தில் மட்டும், “எங்கே, பேசிக் காட்டு” என்று தங்கையிடம் கேட்பது நியாயமா?

கணக்கு என்ன சொல்கிறது?

இந்த ஆட்டத்தின் முக்கியப் பகடைக்கு 20 முகங்கள். எல்லாம் ஒரே அளவான சமபக்க முக்கோணங்கள் என்பதால், எந்த முகம் விழுவதற்கும் நிகழ்தகவு 20இல் 1, அதாவது 5 விழுக்காடு. விழுந்த எண்ணோடு பாத்திரத்துக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். நடத்துநர் வைத்த இலக்கைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி.

காவலனை இணங்க வைப்பதற்கு இலக்கு 15 என்போம். ஆளுமைக் கவர்ச்சி 16 என்றால் கூடுதலாக 3 கிடைக்கும். பாடகிக்குப் பேச்சுப் பயிற்சியும் உண்டு, அதற்கு 2. ஆக மொத்தம் 5. எனவே தங்கைக்கு 10 முதல் 20 வரை எந்த எண் விழுந்தாலும் போதும். அவை 11 முகங்கள். நிகழ்தகவு 55 விழுக்காடு. அண்ணனின் 8க்கு ஒன்று கழிய வேண்டும். அவனுக்கு 16 முதல் 20 வரை விழ வேண்டும். அவை 5 முகங்கள்தான். நிகழ்தகவு 25 விழுக்காடு.

இப்போது, அண்ணனின் சொந்தப் பேச்சில் மயங்கிய நடத்துநர், பகடையே உருட்டாமல் அவனை உள்ளே விட்டுவிட்டார் என்று வையுங்கள். 25 விழுக்காடு ஒரே தாவலில் 100 ஆகிவிடுகிறது. வலிமைக்கு 15ஐயும் எடுத்துக்கொண்டு, பேச்சுத்திறனையும் இலவசமாகப் பெற்றுவிட்டான். எண்களை ஒழுங்காகப் பங்கிட்ட தங்கைக்கு அது நட்டம்.

அதற்காக எல்லாவற்றையும் பகடையிடம் விட்டுவிடலாமா? “நான் காவலனிடம் பேசுகிறேன்” என்று சொல்லிப் பகடையை உருட்டினால் ஆட்டம் முடிந்தது. யோசிக்க ஒன்றுமில்லை, சுவையும் இல்லை.

என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

இதற்கு ஒரு நடுவழி உண்டு. என்ன சொல்வது என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்யட்டும். அதை எவ்வளவு நயமாகச் சொல்வது என்பது பாத்திரத்தின் பொறுப்பு. ஐந்தாம் பதிப்பின் விதிநூல், பாத்திரமாகவே நடித்துப் பேசுவதையும், பாத்திரம் என்ன செய்கிறது என்று விவரிப்பதையும் ஆடும் முறைகளாக ஏற்கிறது. ஆகவே தங்கை நடிக்க வேண்டியதில்லை. “காவலனின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சந்தையில் கேள்விப்பட்டோமே, எங்களோடு ஒரு வைத்தியர் இருப்பதை என் பாடகி அவனிடம் சொல்கிறாள்” என்றால் போதும்.

நல்ல யோசனைக்கு நடத்துநர் ஒரு சலுகை தரலாம். அதன்படி இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தங்கை தோற்க வேண்டுமானால் இரண்டும் 9க்கு மேல் போகக்கூடாது. அதன் நிகழ்தகவு 9/20 × 9/20 = 81/400, ஏறக்குறைய 20 விழுக்காடு. ஆகவே வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 80. அதே யோசனையை அண்ணன் சொன்னால், தோல்விக்கு 15/20 × 15/20 = 225/400. வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 44 விழுக்காடு.

யோசனை இருவருக்குமே கைகொடுத்திருக்கிறது. ஆனாலும், சலுகை பெற்ற அண்ணனின் 44, சலுகை பெறாத தங்கையின் 55ஐ எட்டவில்லை. சிந்தித்தவருக்குப் பலன் கிடைத்தது. பாத்திரத்தின் எண்ணும் மதிப்பிழக்கவில்லை. கூச்சப்படுபவரும் தயங்காமல் ஆட்டத்தில் சேரலாம்.

நீங்களே சோதியுங்கள்

20 முகப் பகடை இல்லையா? 20 தாள் துண்டுகளில் 1 முதல் 20 வரை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இப்படி 100 முறை செய்து, 10ம் அதற்கு மேலும் எத்தனை முறை வந்தன என்று எண்ணுங்கள். பிறகு, இரண்டு முறை எடுத்துப் பெரிய எண்ணை மட்டும் குறித்துப் பாருங்கள். 55க்கும் 80க்கும் எவ்வளவு அருகில் வருகிறீர்கள்?

கடைசியாக ஒரு கணக்கு. நடத்துநர் இலக்கை 20ஆக உயர்த்திவிட்டார். தங்கையின் வாய்ப்பு எவ்வளவு? அண்ணனுக்கு இரண்டு பகடைகள் கொடுத்தாலும் பயன் உண்டா?