ஒளியில் ஏறி வரும் ஓலை

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, கடற்கரையோடு போனால் மாமல்லபுரம். சிற்பங்களைப் பார்த்தவுடன் பஸ் பிடிக்க ஓடாதீர்கள். இருட்டும் வரை காத்திருந்து கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். கம்பியில்லை, கயிறில்லை; வெறும் வெளிச்சமே கப்பல்காரனுக்குச் சேதி சொல்கிறது. ஆனால் ஒரே சேதிதான்: "இதோ கரை!"

அதே வெளிச்சம் கடிதத்தையும் பாட்டையும் சினிமாவையும் சுமந்து வந்தால்?

டெலிபோன் கண்ட கிரகாம் பெல் 1880-இலேயே இதைச் செய்து பார்த்தார். பேச்சில் அதிரும் மெல்லிய கண்ணாடியில் சூரிய ஒளியைப் பட வைத்து, 213 மீட்டர் தொலைவுக்குக் குரலை அனுப்பினார். டெலிபோனை விட இதுவே பெரிது என்பது அவர் அபிப்பிராயம். உலகம்தான் கேட்கவில்லை!

இப்போது கேட்கிறது. சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசாமி என்ற எஞ்சினீயர், கூகிளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டில் 'லூன்' திட்டத்தில் இருந்தவர். வானத்துப் பலூன்களிலிருந்து இன்டர்நெட் தரும் திட்டம் அது, 2021-இல் கைவிடப்பட்டது. பலூன்கள் தங்களுக்குள் லேசர் ஒளியால் பேசிக்கொண்ட வித்தையை அவர் தரைக்கு இறக்கினார். அதன் பெயர் 'தாரா'. 2025-இல் அது தனி நிறுவனமாகிவிட்டது.

தெருமுனை சிக்னல் விளக்கு அளவில் ஒரு பெட்டி. எதிரே, 20 கிலோமீட்டர் வரை தள்ளி, இன்னொன்று. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை துடிக்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே சமயத்தில் சினிமா ஓடப் போதும். குறி தவறலாகாதே! 10 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள 5 சென்டிமீட்டர் இலக்கில் ஒரு குச்சி கனமுள்ள ஒளியைப் பாய்ச்சும் வேலை இது. காற்றில் கம்பம் ஆடினால், உள்ளே இருக்கும் கண்ணாடிகளே அசைந்து நேர் செய்துகொள்கின்றன.

எதற்கு இத்தனை பாடு, கேபிள் புதைக்கலாமே என்பீர்கள். உங்கள் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்களே, நினைவிருக்கிறதா? காங்கோ நதியின் இரு கரைகளிலும் இரண்டு தலைநகரங்கள். இடையே 5 கிலோமீட்டர்தான். கேபிளோ 400 கிலோமீட்டர் சுற்றிப் போயிற்று. 2021-இல் தாரா நேரே பாய்ந்து தாண்டியது.

தாம் சிறுவயதில் கோடை விடுமுறை கழித்த ஓசூர் கிராமத்துக்கும் 2023-இல் கிருஷ்ணசாமி இதைக் கொண்டுவர முனைந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஓசூர் அல்ல. இது சென்னையிலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் போகும் சிற்றூர். அதுவரை வேகமான இன்டர்நெட்டையே அறியாத ஊர். பரீட்சைக்குப் படிக்கும் பெண் அங்கே என்ன செய்திருப்பாள்?

ஐப்பசி மழையை இந்த ஒளி ஓரளவு சமாளித்துவிடும். மூடுபனிதான் பரம விரோதி. அதன் நுண்ணிய துளிகள் ஒளியைச் சிதறடித்துவிடும். மார்கழி விடியலில் நீங்கள் கோலமிடும்போது எதிர்வீடு தெரியவில்லையா? பெட்டிக்கும் பெட்டி தெரியாது. வெயில் ஏறும் வரை ரேடியோ அலையோ பழைய கேபிளோ கைகொடுத்தால்தான் உண்டு.