வீட்டு இணையமும் வரிசை ஒழுங்கும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஊரிலிருக்கும் பாட்டியுடன் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம். பாட்டியின் முகம் தெளிவாகத் தெரிகிறது, குரலும் கேட்கிறது. ஆனால், நாம் பேசுவது அவரை எட்டவில்லை. "கேக்கலையே கண்ணு" என்று மும்முறை சொல்லிவிட்டு, அவர் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார். அடுத்த அறையில் அண்ணன், அத்தை மகள் திருமணப் படங்களையெல்லாம் இணையச் சேமிப்பகத்திற்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இணைய இணைப்பு ஓர் இருவழிப் பாதை. வெளியிலிருந்து தரவு நம் வீட்டிற்குள் வருவது பதிவிறக்கம். வீட்டிலிருந்து வெளியே செல்வது பதிவேற்றம். கண்ணாடி இழை இணைப்புகளில் இரு வழிகளும் சமமாக இருப்பதுண்டு. தொலைபேசிக் கம்பிவழி இணைப்புகளிலோ பதிவேற்ற வழி மிகக் குறுகலானது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு வீட்டின் பதிவிறக்க வேகம் நொடிக்கு 40 மெகாபிட்; பதிவேற்ற வேகம் 4 மெகாபிட். 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் குறிப்பது வழக்கமாதலால், பெரியவர்களும் இங்கே குழம்புவர். இவ்வீட்டிற்குள் நொடிக்கு 5 மெகாபைட் வரும். வெளியே அரை மெகாபைட்தான் செல்லும். 1000 மெகாபைட் அளவுள்ள படத்தொகுப்பைப் பதிவிறக்க 200 நொடிகள் போதும். அதையே பதிவேற்ற 2000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 33 நிமிடங்கள் ஆகும்.

'படம் அனுப்புவது பதிவேற்றம்; இணையப் பக்கம் பார்ப்பது பதிவிறக்கம். ஒன்று மற்றொன்றை எவ்வாறு தடுக்கும்?' என நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இணையப் பக்கம் வேண்டுமெனில், அதற்கான கோரிக்கை முதலில் வெளியே செல்ல வேண்டும். தரவு வந்து சேரும்போதும், 'பெற்றுக்கொண்டேன்' என்னும் சிறு ஒப்புகைகளை நம் கணினி திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒப்புகை தாமதமானால், அனுப்பும் கணினியும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்தக் கோரிக்கைகளும் ஒப்புகைகளும் வெளியேறுமுன் ரூட்டரிலோ மோடத்திலோ வரிசையில் நிற்கின்றன. குழாயடியில் ஒரு செம்பு நீர் பிடிக்க வந்தவர், இருபது குடங்களுடன் நிற்பவருக்குப் பின்னால் காத்திருப்பதைப் போன்றது இது. அவ்வரிசையில் அண்ணனின் படத்தரவு 1 மெகாபைட் தேங்கியிருந்தால், அது கரைவதற்கே 2 நொடிகள் ஆகும். நம் குரலும் அவ்வளவு நேரம் பிந்தும்.

2010-ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கக் கணினி வல்லுநர், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது இத்தாமதத்தைக் கண்டு ஆராய்ந்தார். கருவிகளில் தேக்கிவைக்கும் இடம் அளவுக்கு மீறி இருப்பதே காரணம் என்று கண்டு, அதற்கு 'பஃபர்ப்ளோட்' எனப் பெயரிட்டார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் வரிசை நெடுநேரம் தேங்காமல் காக்கும் 'கோடெல்' என்னும் முறையை வெளியிட்டனர். அதன் வழிவந்த முறைகள் இன்று சில ரூட்டர்களிலேயே அமைந்துள்ளன. அவ்வசதி இருப்பின் இயக்கிவிடுவது நன்று.

இல்லையெனினும் கவலையில்லை. கோப்புப் பகிர்வுச் செயலிகள் பலவற்றில் பதிவேற்ற வேகத்திற்கு வரம்பிடலாம். முதலில், வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் உண்மையான பதிவேற்ற வேகத்தை அளந்துகொள்ள வேண்டும். திட்டத்தில் குறித்த வேகத்தை அப்படியே நம்பக் கூடாது. அளந்ததில் ஐந்தில் நான்கு பங்கை வரம்பாக வைக்கலாம். மேற்கண்ட வீட்டில் அது நொடிக்கு 400 கிலோபைட். அண்ணனின் படங்கள் 33 நிமிடங்களுக்கு மாறாக ஏறத்தாழ 42 நிமிடங்களில் சென்று சேரும். பாட்டியும் நம் பேச்சைக் கேட்பார். டோரண்ட் செயலியெனில், ஒரே நேரத்தில் திறக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். கைப்பேசிகள் நம்மைக் கேளாமலே படங்களைப் பதிவேற்றுவதுண்டு. அதனை இரவில் மட்டும் நிகழுமாறு அமைக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் தாமதம் நீடித்தால், கணினியைக் கம்பி வழியாக ரூட்டருடன் இணைத்துப் பாருங்கள். அப்போது வேகம் சீரானால், குறை இணைப்பில் இல்லை. சுவர்களைக் கடந்து வரும் வைஃபை அலையில் இருக்கிறது.